ஸ்டோவ் தோட்டக் காட்சிகள்

ஸ்டோவ் தோட்டக் காட்சிகள், இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் காப்ஹம் பிரபுவுக்கு உரியதாயிருந்த ஸ்டோவ் தோட்டத்தைக் காட்டும் செப்புத்தகட்டு அச்சுப்படங்களின் தொகுப்பு. தோட்டத்தை வடிவமைத்த சார்லஸ் பிரிட்ஜ்மன், பிரெஞ்சு ஓவியர் ஜாக் ரிகோவை 1733-இல் வரவழைத்து இவற்றை வரையச் செய்தார். பிரிட்ஜ்மன் 1738-இல் மறைந்தார். அவர் மனைவி சாரா பிரிட்ஜ்மன் 1739-இல் தொகுப்பை வெளியிட்டார்.

மதிப்பீடு

கிப், நிஃப் இருவரும் உருவாக்கி 1707-இல் வெளிவந்த 'பிரிட்டானியா இல்லஸ்ட்ராட்டா' மாளிகைகளைப் பறவைப் பார்வையில் காட்டியது. அதில் தோட்டம் ஒரு சொத்துக் கணக்கு. உடைமையின் எல்லைவரை எண்ணிப் பார்க்கலாம். ரிகோ கண்ணைத் தரைக்கு இறக்கினார். அவர் படங்களில் தோட்டம் நடந்து அனுபவிக்கும் இடமாகிறது. பட்டாடை அணிந்த விருந்தினர் உலவுகின்றனர்.

ஆனால் உடைமை உணர்வு மறையவில்லை, மறைவாகிறது. சுவருக்குப் பதிலாகப் பிரிட்ஜ்மன் அமைத்த 'ஹா-ஹா' என்னும் பள்ளமும் அதையே செய்தது: எல்லை கண்ணுக்குத் தெரியாததால் அப்பாலுள்ள வயலும் தோட்டமாகத் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டோவ் கிராமமே இல்லாமல் போனது. அதன் தேவாலயம் மட்டும் மரங்களுக்கிடையே எஞ்சியது. விருந்தினர் உலகைக் காட்டும் இப்படங்களைக் கொண்டு அந்த இழப்பை அறிய முடியாது.

1741-இல் லான்சலட் பிரௌன் ஸ்டோவில் பணியேற்றார். பின்வந்த ஆண்டுகளில் பிரிட்ஜ்மனின் நேர்க்கோடுகள் பல தளர்த்தப்பட்டன. எண்கோணக் குளமும் இயற்கை ஏரிபோல் ஆக்கப்பட்டது. அழிந்த அவ்வடிவமைப்புக்கு இன்று முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, சாரா வெளியிட்ட இத்தொகுப்பு.