நவபாஷாணம்: இந்திரா சௌந்தர்ராஜன் தொட்டதும் விட்டதும்

பழனி முருகன் கோயில் மூலவரை ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் சித்தர் போகர் செய்தார் என்பது மரபு. கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறையில் நிற்கும் குழந்தை வேலப்பருக்கும் அதே கதைதான் சொல்கிறார்கள். தனித்தனியே ஆளைக் கொல்லும் சரக்குகள் முறையாகச் சேர்ந்தால் நோயைத் தீர்க்கும் என்றால், நஞ்சு என்பது பொருளின் குணமா, சேர்மானத்தின் குணமா? வெகுஜனத் தமிழில் இப்படிப்பட்ட கேள்விகளின் பக்கம் விடாமல் போய்வந்தவர் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024).

'ரகசியமாக ஒரு ரகசியம்' நாவலின் மையமே ஒரு நவபாஷாண லிங்கம். அது இருப்பது, இரவில் நுழைந்தவனை நாய் குதறும் என்று ஊரே நடுங்கும் பைரவர் கோயிலில். நாகாவின் இயக்கத்தில் 1990களில் இது 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடராக வந்தபோது பழனிக்கே போகாத வீடுகளிலும் நவபாஷாணம் பேச்சானது. ஆனால் கதைக்குள் லிங்கம் ஒரு புதையலாகச் சுருங்கிவிடுகிறது. அது யார் கைக்குப் போகும் என்பதுதான் பதைப்பு. அது தெரிந்ததும் போகரின் கேள்வியும் அவிந்துபோகிறது.

'விட்டு விடு கருப்பா' வேறு ரகம். இந்திரா சௌந்தர்ராஜனின் உச்சம் அந்த நாவலே என்பேன். குதிரையேறி வந்து தண்டிப்பது சாமியல்ல, பிளவுண்ட ஒரு மனம் என்று கடைசியில் தெரிகிறது. பகுத்தறிவு ஜெயித்தது என்று புத்தகத்தை மூடிவிட முடிவதில்லை. சாமி கொல்லவில்லை, ஆனாலும் இப்படியொரு சாமி அந்த ஊருக்கு ஏன் தேவைப்பட்டது? விடை சொன்ன பிறகும் விசித்திரம் குறையாத கதை அது.

அவருடைய பல தொடர்கதைகளில் இந்தச் சமநிலை தவறுகிறது. நாத்திகன் வருகிறான், நன்றாகவே வாதாடுகிறான், ஆனால் தோற்பதற்கென்றே அழைத்துவரப்பட்டவன் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தத்துவம் ஒரு பெரியவரின் வாயில் பிரசங்கமாகிறது. சித்தர்களில் ரசவாதியும் காயகற்பக்காரரும் மட்டும் வலம்வர, கல்லையும் சாதியையும் எள்ளிய சிவவாக்கியர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சந்தேகத்தைத் தீர்க்காமலே முடியும். புதுமைப்பித்தனுக்கு அடுத்த வாரத்து வாசகரை இழுத்துவரும் கவலை இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பழனியிலேயே இன்னொரு கரு கிடக்கிறது. மூலவர் மேனியில் சாத்திய சந்தனத்தை மருந்தென்று வாங்கி உண்கிறார்கள். அபிஷேகத்தால் சிலை தேய்கிறதே என்ற கவலையும் வெகுகாலமாக உண்டு. குணமாக வேண்டும் என்ற ஆசையே மருந்தைக் கரைக்கிறதென்றால் மர்மக்கதைக்கு வேறென்ன வேண்டும்? இதில் புதையல் திருடன் கிடையாது, கும்பிட வருகிறவர்கள்தான்.