பினாங்குச் சுவை யாருடையது?

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் உண்டு மீண்டோர் அதன் சுவையை வியந்துரையாதிருத்தல் அரிது. அவ்வியப்புத் தக்கதே. எனினும் சுவையைப் புகழ்ந்து அதன் பிறப்பை மறப்பது திறனாய்வாகாது.

நாசி கண்டாரை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் ‘நாசி’ என்பது சோறு. ‘கண்டார்’ என்பது தோளிற் சுமக்கும் காவுதடி. தமிழ் முஸ்லிம்கள் தடியின் இருமுனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, தெருத்தெருவாகச் சென்று உழைப்பாளிகளுக்கு விற்ற உணவு அது. மீ கோரேங்கிலோ, சீனர் கொணர்ந்த மஞ்சள் மீ, தமிழ் முஸ்லிமின் இரும்புச் சட்டியில் மலாய்ச் சம்பலோடு கூடுகின்றது. அதிற் சேரும் மிளகாயும் உருளைக்கிழங்குமோ அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தவை. அசாம் லக்சாவில் மீனும் புளியும் கலந்த குழம்பின்மேல் இடும் கரிய இறால் விழுதுக்கு ‘ஹேகோ’ என்னும் ஹொக்கியன் பெயரே வழங்குகின்றது. இவற்றுள் எதனை ஓரினத்தார் தமக்கே உரியதெனக் கூற இயலும்?

இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. பின்னர், உள்ளூர் அங்காடி உணவுகளுக்கு வெளிநாட்டார் முதன்மைச் சமையற்காரராயிருத்தலாகாது என்னும் விதியை மாநில அரசு 2016-ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. மரபுச் சுவை கெட்டுவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. பயிலாத கை சமைத்தால் பண்டம் கெடும். இதனை யாரும் மறுக்கார். ஆனால் பயிலாமை வேறு, பிறநாட்டிற் பிறத்தல் வேறு. உள்ளூரிற் பிறந்தவன் கையிலும் குழம்பு கருகும். கடல் கடந்து வந்தவன் கையிலும் அது மணக்கும். காவுதடி சுமந்து வந்த முதல் வணிகனும் கடல் கடந்து வந்தவனன்றோ? அன்று அவனைத் தடுத்திருந்தால், இன்று காப்பதற்கு நாசி கண்டார் என்றொன்று ஏது?

பிறப்பைக் கொண்டு தகுதியை அளத்தல் தகாது என்று மேடைதோறும் முழங்கும் நாம், அடுப்படியில் மட்டும் அவ்வளவுகோலை ஏற்பது முறையாகுமோ? தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் கப்பலேறி வந்து தொழில் பயின்றவர்களே.

மரபு காக்கப்படவேண்டின், வல்லவரிடம் பயிற்சியும், நீண்ட நேரம் அடுப்பின்முன் நிற்போர்க்குத் தக்க ஊதியமும் வேண்டும். சமைப்பவனை நாவினாற் சோதியுங்கள். அவனது பிறந்த ஊரைக் கேளாதீர்கள்.