மாயாலோகத்து நாயகியர்: ஊசியும் வாளும்

ஆங்கில மாயாலோகக் கதைகளில் உலவும் கன்னியரை, நளினமே வடிவான இளவரசியர் என்றும், ஆண்பிள்ளைபோல் வாளெடுத்துத் திரியும் வீராங்கனையர் என்றும் இரு கட்சியாகப் பிரித்து, முன்னவரைப் பழமைக்கும் பின்னவரைப் புதுமைக்கும் பிரதிநிதிகளாக்கிப் பேசும் வழக்கம் ரசிகரிடையே வேரூன்றியிருக்கிறது. அந்தக் கதைச் சம்பிரதாயத்தின் ஆதிநூல்களில் ஒன்றைப் புரட்டினாலே இந்தப் பிரிவினை நிலைகுலைந்துவிடும். 1872-ல் ஜார்ஜ் மக்டொனால்டு வெளியிட்ட ‘இளவரசியும் பூதங்களும்’ என்ற நவீனத்தில், எட்டு வயதுப் பாலகி ஐரீன், எள்ளுப்பாட்டி நூற்றுக் கொடுத்த கண்ணுக்குப் புலப்படாத இழையை விரலால் தடவியபடியே மலையின் வயிற்றுக்குள் இறங்கி, பூதங்கள் சிறைவைத்த சுரங்கப் பையனை மீட்டு வருகிறாள். நூல் நூற்பதைக் காட்டிலும் பெண்மைக்குரிய தொழில் அக்காலத்தில் வேறெது? அந்த நூலே அங்கே வீரத்தின் ஆயுதமாகிறது.

1934-ல் ஸி. எல். மூர் என்ற பெண்மணி படைத்த ஜிரெல், வெளிப்படையாகவே கவசம் பூண்டு கோட்டையை ஆண்டவள். வாளேந்திய நாயகியர் பலருக்கும் மூத்தவள்.

1954-55-ல் வெளிவந்த டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ காவியத்தில் ஏயோவின், ஆண்வேஷம் பூண்டு போர்க்களம் புகுந்து, நாஸ்கூல் தலைவனை வதைத்து, பிறகு வாளைத் துறந்து வைத்தியத்தை விரும்புகிறாள். ஆசிரியர் அவளை அடக்கிவிட்டார் என்று குறைகூறுவோர், நோய் தீர்க்கும் கரத்தை அரசனுக்கே உரிய லட்சணமாக அவர் போற்றியதை மறந்துவிடுகிறார்கள். என்னுடைய மனத்தாங்கல் வேறு: அதே களத்தில், அதே நாளில், கப்பலின்மேல் விரிந்து பகைவரைத் திகைக்கவைத்த கொடி, அக்காவியத்தின் மற்றொரு நாயகியான ஆர்வென் தன் கையால் இழைத்தது. வாளுக்கு ஓர் அத்தியாயத்தையே வாரி வழங்கிய மகாகலைஞர், அந்த ஊசிக்குச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டாரே!

ஒருத்தியின் வீரம் மற்றொருத்தியின் மென்மையை இகழ்ந்து பெறப்பட்டதா என்பதே இவ்வகைக் கதைகளுக்கு நான் வைக்கும் உரைகல். 1996-ல் ஜார்ஜ் மார்ட்டின் தொடங்கிய நாவல் வரிசையில், தையல் வராத ஆர்யா தன் வாளுக்கே ‘ஊசி’ என்று பெயரிடுகிறாள். தையலில் தேர்ந்த தமக்கை சான்ஸாவோ பகைவர் சபையில் மரியாதை மொழியையே கேடயமாக்கி உயிர் காக்கிறாள். தங்கையைக் கொண்டாடும் வாசகர் தமக்கையை ஏளனம் செய்வது எனக்கு ஆறாத வருத்தம்.

டமோரா பியர்ஸின் அலானா இருவருக்கும் இடைப்பட்டவள். வீரப் பயிற்சிக்காகச் சிறுவனாக வேஷமிட்டு அரண்மனை புகுந்த அவள், அவள் கதைவரிசையில் 1984-ல் வந்த இரண்டாம் நூலில், வாள்வித்தையில் தேறியபின், நம்பிக்கைக்குரிய மாது ஒருத்தியிடம் ரகசியமாகச் சென்று, பெண்ணுடை உடுத்தக் கற்றுத்தரும்படி கேட்கிறாள்.