காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா?

ஈர்ப்பலைகளைப் பற்றித் தமிழில் இப்போது நிறையக் கட்டுரைகள் வருகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஐன்ஸ்டைன் 1916இல் சொன்னார், 2015இல் கருவி கண்டது, 2017இல் காமாக் கதிரும் கூடவே வந்தது, எல்லாம் நிரூபணமாயிற்று. இப்படி வெற்றிகளை மட்டும் கோத்துத் தரும் கட்டுரை, மாணவருக்குச் செய்தியைத் தருகிறதே ஒழிய அறிவியலைத் தருவதில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்களுக்கு விளக்கம். மிகப் பெரிய நிறைகள் ஒன்றையொன்று சுற்றி மோதும்போது வெளியிலேயே பரவும் அதிர்வு ஈர்ப்பலை. விண்ணில் எங்கோ ஓரிடத்திலிருந்து சில விநாடிகளோ சில நிமிடங்களோ பாய்ந்து மறையும் கடுமையான கதிர்வீச்சு காமாக் கதிர் வெடிப்பு. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967இல் இதைத் தற்செயலாகக் கண்டன. 1973இல் செய்தி வெளியாயிற்று. வானம் முழுவதையும் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு வெடிப்பு நிகழ்கிறது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

ஐப்பசி மாத இரவில் சாந்தோம் கடற்கரையில் நிற்பதாகக் கொள்வோம். கிழக்கே கடல்மீது மின்னல் வெட்டுகிறது. சில விநாடிகளில் ஓர் ஓசை கேட்கிறது. அது அந்த மின்னலின் இடிதான் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அன்று தீபாவளி என்றால்? குப்பத்திலும் தெருவிலும் வெடிகள் ஓயாமல் வெடிக்கும் இரவில், மின்னலையடுத்துக் கேட்ட ஓசை அதன் இடிதான் என்று எப்படிச் சொல்வது? ஓசைகள் மிகுந்த இரவில் தற்செயலும் மிகும். இந்த எளிய உண்மையைத்தான் நம் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதல் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. அதற்கு 0.4 விநாடி கழித்து, ஃபெர்மி செயற்கைக்கோளில் உள்ள காமாக் கதிர்க் கருவி மெல்லிய குறிப்பு ஒன்றைக் கண்டதாக அதன் குழுவினர் அறிவித்தனர். இது தற்செயலாக நேர்ந்திருக்கும் நிகழ்தகவு 0.0022 என்றும் அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். இன்டெக்ரல் என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளோ எதையும் காணவில்லை. மேலும், மோதியவை இரண்டு கருந்துளைகள். அவற்றைச் சுற்றிப் பொருள் இல்லாவிடில் ஒளி எங்கிருந்து வரும்?

0.0022 என்பது மிகச் சிறிய எண்ணாயிற்றே என்று தோன்றலாம். ஒரு தடவை தேடினால் அது சிறிய எண்தான். இன்று ஈர்ப்பலைப் பதிவுகள் 200க்கு மேல் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இதே போலத் தேடினால், ஒரு தடவையாவது இத்தகைய போலிக் குறிப்பு கிடைக்கும் நிகழ்தகவு என்ன? 1இலிருந்து 0.9978இன் 200ஆம் அடுக்கைக் கழியுங்கள். ஏறத்தாழ 0.36 வரும். அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! பள்ளிக் கணக்கே இதற்குப் போதும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டில், காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் சேர்ந்த படிகங்களால் ஆன எக்ஸ் கதிர்க் கருவி ஒன்று உண்டு. 2017 ஜனவரி 4 அன்று ஓர் ஈர்ப்பலை வந்தது. ஏறத்தாழ 23 மணி நேரத்துக்குப் பின், ஹவாய்த் தீவிலுள்ள அட்லாஸ் தொலைநோக்கி, அலை வந்திருக்கக்கூடிய வான்பகுதியில் மங்கிக்கொண்டே போகும் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டது. கருந்துளை மோதலின் ஒளியே கிடைத்துவிட்டதா என்று பரபரப்பு எழுந்தது. ஆனால் அலை வந்து ஏறத்தாழ 21 மணி நேரம் கழித்து நிகழ்ந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பை அஸ்ட்ரோசாட் பதிவு செய்திருந்தது. ஒளி மங்கிய விதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது அந்த வெடிப்பின் மிச்ச ஒளி என்று தெரிந்தது. ஈர்ப்பலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனம்பழத்தை வீழ்த்தியது காக்கை அன்று என்பதை நம் கருவி காட்டிக்கொடுத்தது.

இந்தச் செய்தியை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? "தொடர்பில்லை" என்ற முடிவு தலைப்புச் செய்திக்கு உதவாது என்று ஒதுக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சி இது.

அப்படியானால் 2017 ஆகஸ்ட் 17 நிகழ்ச்சியை மட்டும் ஏன் நம்புகிறோம்? அன்று ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலைக்கு 1.7 விநாடி பின் காமாக் கதிர் வந்தது. இதை ஃபெர்மியும் கண்டது, இன்டெக்ரலும் கண்டது. இரண்டும் வந்த திசை ஒத்தது. நேரமும் திசையும் தற்செயலாக ஒத்துப்போகும் நிகழ்தகவு 2 கோடியில் 1. ஏறத்தாழ 11 மணி நேரத்துக்குள் என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் ஒளியும் தென்பட்டது. நியூட்ரான் விண்மீன்களில் பொருள் உண்டு. ஒளி வருவதற்குக் காரணமும் உண்டு. அஸ்ட்ரோசாட்டுக்கோ அந்தத் திசையைப் பூமி மறைத்திருந்தது. ஆகவே அது காணாததில் முரண்பாடில்லை.

இங்கும் ஓர் எச்சரிக்கை. இடி பிந்தி வருவது ஒலியின் வேகம் குறைவு என்பதால். அதே போலக் காமாக் கதிர் 1.7 விநாடி பிந்தியதால் ஒளி மெதுவானது என்று முடிவு செய்யலாகாது. கதிர் புறப்பட்டதே சற்றுத் தாமதமாக இருக்கலாம். 13 கோடி ஆண்டு என்பது ஏறத்தாழ 41 கோடி கோடி விநாடி. அவ்வளவு நீண்ட பயணத்தில் 1.7 விநாடியே வேறுபாடு என்பதிலிருந்து, இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்று மட்டும் கொள்ளலாம்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா அமைக்க 2023இல் ஏறத்தாழ 2600 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாளை அங்கே அமர்ந்து குறிப்புகளைப் பிரித்தறிய வேண்டியவர்கள் இன்று தமிழில் அறிவியல் படிக்கும் நீங்களாகவும் இருக்கலாம். எனவே வாசகர்களே, அடுத்த முறை "இதுவும் அதுவும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன" என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை தடவை தேடினார்கள்? வேறொரு கருவியும் கண்டதா? அப்படி நிகழக் காரணம் உண்டா? இவற்றுக்கு விடை தராத கட்டுரை எந்தப் பத்திரிகையில் வந்தாலும், அதன் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்கத் தயங்காதீர்கள்.