ஏடும் கயிறும்: யூனிக்ஸ் அனுமதி முறையில் ஒரு குறை

1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் அதற்காக ஏடு தேடி வந்த ஊர்களுள் எங்கள் ஆழ்வார்திருநகரியும் ஒன்று. இங்குள்ள கவிராயர் வீடுகளில் கட்டுக்கட்டாக ஏடுகளைப் பார்த்தார். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை எளிதில் அழிக்க இயலாது. ஆனால் கட்டின் கயிற்றை உருவிவிட்டால் எந்த ஓலையையும் தனியே எடுத்துவிடலாம். வாசகர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், பலர் சேர்ந்து புழங்கும் கணிப்பொறிக்கு ஓர் அனுமதி முறையைத் தந்தது. லினக்ஸ் இன்றும் அதையே பின்பற்றுகிறது. உரிமையாளர், குழுவினர், மற்றையோர் என மூன்று வகுப்பினர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஒரு கோப்புக்கு 640 என்று இட்டால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டுமே செய்யலாம், மற்றையோருக்கு ஒன்றுமில்லை. மூன்றே இலக்கங்களில் எத்தனை சிக்கனம்!

இவ்வளவோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். நானும் முடித்தவன்தான். எங்கள் ஆய்வகக் கணிப்பொறியில் மாணவர் குழுவுக்கென 770 அனுமதியுடன் ஒரு கோப்புறை இருந்தது. கூட்டு ஊசல் அளவீடுகளை அதில் வைத்திருந்த மாணவியிடம், "கோப்புக்கு 444 போட்டுவிடு, இனி யாரும் கைவைக்க முடியாது" என்றேன். மறுவாரம் வேறொரு மாணவன் இடத்தைச் சுத்தம் செய்வதாக எண்ணி அதை நீக்கிவிட்டான். கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதவன், கோப்பையே போக்கிவிட்டான்!

காரணம் இதுதான். கோப்புறை என்பது பெயர்களின் பட்டியல். கோப்பை நீக்குவது அப்பட்டியலில் ஒரு பெயரை அடிப்பது. அதற்குக் கோப்புறையில் எழுதும் உரிமையும் இயக்கும் உரிமையும் இருந்தால் போதும், கோப்பின் உரிமையை யாரும் பெரிதாய்க் கேட்பதில்லை. ஓலைக்குப் பூட்டு, கயிறு எல்லார் கையிலும்.

தர்க்கப்படி இதில் தவறில்லை என்று யூனிக்ஸ் அன்பர்கள் வாதிடுவர். நான் ஒப்பவில்லை. 'எழுதுதல்' என்ற ஒரே சொல் கோப்பில் ஒரு பொருளும் கோப்புறையில் வேறொரு பொருளும் தருமானால், தவறு படிப்பவனுடையதன்று. மாற்று வழியும் உள்ளது: முன்னே ஓர் 1 சேர்த்து 1770 என்று இட வேண்டும். அப்போது கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், நிர்வாகி ஆகியோர் மட்டுமே நீக்கலாம். பலர் புழங்கும் கோப்புறையில் தானாகவே இருந்திருக்க வேண்டிய காப்பு, கேட்டால்தான் கிடைக்கிறது.

எங்கள் கோப்புறை இப்போது 1770. அம்மாணவி அளவீடுகள் அனைத்தையும் மீண்டும் எடுத்தாள்.