வண்டியூரைக் கடக்கும் கோடுகள்

நெரிசலில் திணறும் ஒரு சாலைக்கு என்ன செய்யலாம் என்று பொறியாளரிடம் கேட்டால் வழக்கமாக மூன்று பதில் வரும். இருப்பதை அகலப்படுத்தலாம், மேலே தூக்கலாம், ஊரைச் சுற்றிக்கொண்டு போகலாம். மதுரையின் கிழக்கு விளிம்பில் இருக்கும் வண்டியூர் வட்டாரம் இந்த மூன்றையும் பார்த்துவிட்டது. நான்காவதாக ஆற்றங்கரையில் போடும் சாலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கோடு சிறந்தது என்பதை விட, அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை எப்படிப்பட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முறை எளிமையானது. திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர் மூன்று வழித்தடங்களை வரைபடத்தில் போடுவார். பிறகு ஒரு அட்டவணை. நீளம் எவ்வளவு, எத்தனை கட்டடம் இடிபடும், எவ்வளவு பட்டா நிலம் எடுக்க வேண்டும், எத்தனை மரம், எத்தனை மின்கம்பம், மொத்தச் செலவு என்ன. கடைசிக் கட்டத்தில் ஒரு கோட்டுக்கு நேரே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கும்.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இது வருவதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளை உண்டாக்கினார். ஊர் மூச்சுவிட்டது உண்மை. ஆனால் வேறு வழி உண்டா என்று எழுதி ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. இன்றைய அட்டவணைக்கு அந்த ஒழுங்கு உண்டு. இத்தனை வீடு போகும் என்று எண்ணி எழுத வைக்கிறது. எழுதிவிட்டால் குறைக்கும் யோசனையும் கூடவே வருகிறது. வண்டியூர்ப் பக்கத்து மேலமடைச் சந்திப்பில் சாலையை அகலப்படுத்துவதோடு நிறுத்தாமல் மேலே தூக்கியதும் இந்த ஒழுங்குக்குள் அடங்கும். ஏறத்தாழ 150 கோடி ரூபாயில், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் கட்டிய அந்தப் பாலம் 2025 டிசம்பரில் வேலுநாச்சியார் பெயரில் திறக்கப்பட்டது. சாயங்கால வேளையில் அந்தச் சந்திப்பைக் கடக்கத் தவம் கிடந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

குறை அட்டவணையில் இருக்கிறது. அதில் பட்டா நிலத்துக்கு விலை உண்டு, புறம்போக்குக்கு இல்லை. மதுரைச் சமவெளியில் பெரிய புறம்போக்கு என்றால் அது பெரும்பாலும் கண்மாய், வாய்க்கால், ஆற்றுப்படுகை. ஒருபுறம் கடைகளும் வீடுகளும் மறுபுறம் கண்மாய்க் கரையும் இருக்கும் சாலையை எந்தப் பக்கம் அகலப்படுத்துவது என்று கேட்டால், அந்த அட்டவணை எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் கைகாட்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆலோசகரும் நேர்மையாகத்தான் கூட்டுகிறார். தண்ணீருக்கு நேரே பூஜ்யம் இருப்பதால் கணக்கு அப்படி வருகிறது.

இந்தப் பூஜ்யம் சாலைக்காரர்கள் மட்டும் போட்டதில்லை. மாநகராட்சியின் அண்ணா மாளிகை தல்லாகுளம் கண்மாயில் நிற்கிறது. 2004-இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் இடமே கண்மாய்க்குள் என்பதை மதுரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு மழைக்காலத்தில் நிற்கும். 2024 அக்டோபரில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, வெளியேற வழியில்லாமல் தெருக்களில் தண்ணீர் ஏறியது. கண்மாய்கள் ஒன்றின் மறுகால், அதாவது உபரிநீர், இன்னொன்றுக்கு என்று கோத்து வைத்த சங்கிலி. வண்டியூர்க் கண்மாய் அதில் கீழே இருக்கிறது. அதன் கரையில் பத்தடி போனால் பத்தடி மட்டும் போகாது. மேலே உள்ள ஊர்களின் வடிகாலும் சேர்ந்து குறுகும்.

வைகைக் கரைச் சாலையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். யோசனையாக அது அழகானது. நகருக்குள் நுழையாமல் மேற்கிலிருந்து கிழக்கே வண்டியூர்ப் பக்கம் வந்து ரிங் ரோட்டைப் பிடிக்கலாம். சிக்னல் குறைவு, இடிபடும் கட்டடமும் குறைவு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இருகரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டார்கள். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் போகாமல் ஆற்றோரமாகவே வந்துவிடலாம் என்பது பலருக்கு உண்மையான நிம்மதி. ஆனால் அணையில் தண்ணீர் திறந்து வைகை பெருகினால், யானைக்கல் பக்கத்தில் முதலில் மூழ்குவதும் இந்தச் சாலைதான். ஆறு கேட்கும் இடத்தில் சாலை போட்டால், ஆறு வரும் நாளில் சாலை இருக்காது. அந்த நாளில் அத்தனை வண்டியும் பழைய சாலைக்கே திரும்பும். நெரிசலைத் தீர்க்க வந்த மாற்று, மழை நாளில் விடுப்பு எடுத்துக்கொள்கிறது.

கரையை வெறும் காலியிடம் என்று நினைப்பதிலும் தவறு இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வருவார்; மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம். முன்பு தேனூரில் நடந்த விழாவை மதுரைக்கு இழுத்து வந்தவர் திருமலை நாயக்கர் என்று சொல்லப்படுவதால், இந்த ஊரில் வழித்தட மாற்றம் புதிய செய்தி இல்லை. லட்சக்கணக்கானோர் ஆற்றுக்குள் இறங்கி ஏறும் கரை, அட்டவணையில் 'கட்டடம் இல்லாத பகுதி' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும்.

இன்னொரு குறை, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலம் 2023-இல் திறந்தது. செட்டிகுளத்திலிருந்து காற்று வாங்கிக்கொண்டு வரலாம். தல்லாகுளம் பக்கம் இறங்கியதும் பழைய மதுரை காத்திருக்கும். சற்றுத் தள்ளியிருக்கும் கோரிப்பாளையத்தின் நெரிசல் அதற்கும் முந்தையது, இப்போது அங்கே ஏறத்தாழ 190 கோடியில் இன்னொரு மேம்பாலம். ஒவ்வொரு திட்டமும் தன் எல்லைக்குள் சரியாகத்தான் ஒப்பிட்டிருக்கும். எல்லைக்கு அடுத்த சிக்னல் வேறொரு கோப்பில் இருக்கிறது; தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாநகராட்சி, நீர்வளத் துறை என்று கோப்புகளுக்குச் சொந்தக்காரர்களும் வேறு. சுற்றிப் போகும் வழிக்கும் ஆயுள் உண்டு. மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து கப்பலூர் வரை மாநகராட்சி கடன் வாங்கிப் போட்ட ரிங் ரோடு ஊருக்கு வெளியே இருந்தது. 2011-இல் வண்டியூர் மாநகராட்சிக்குள் வந்தபோது, ரிங் ரோடும் ஊருக்குள் ஓடும் இன்னொரு சாலையாகிவிட்டது. புறவழிச்சாலை ஓரத்து மனைகள் எவ்வளவு வேகத்தில் விற்கும் என்பதற்கு எந்த அட்டவணையிலும் இடம் இல்லை.

மக்கள் பேசுவதற்குத் தரப்படும் நேரமும் பிந்தியது. 1956-இன் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலமெடுப்புக்கான 3ஏ அறிவிக்கை வந்த பிறகு ஆட்சேபம் சொல்ல 21 நாள். அறிவிக்கையில் இருப்பது சர்வே நம்பர். அதற்குள் மூன்று கோடுகளில் இரண்டு அழிந்திருக்கும். என் நிலத்தை எடுக்காதே என்று மட்டும்தான் அப்போது சொல்ல முடியும், அந்தக் கோடு ஏன் வேண்டாம் என்று கேட்க முடியாது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. முதலில் சென்னை–மதுரை என்றிருந்து பிறகு சேலத்துக்குத் திரும்பிய பாதை அது. அந்தத் திருப்பம் அதிகாரிகள் கூட்டத்தில் நடந்தது. வழியில் இருந்த கிராமங்கள் கல் ஊன்ற ஆள் வந்தபோது தெரிந்துகொண்டன.

சாலையே போடாத மாற்று ஒன்றையும் பட்டியலில் சேர்க்கலாம்: பேருந்து நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து தள்ளி வைப்பது, ஓரத்து வண்டி நிறுத்தத்தை ஒழுங்குபடுத்துவது, நகரப் பேருந்தைக் கூட்டுவது. திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிய பிறகு இவை இன்னும் அவசரமாகின்றன. ஆனால் இவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி சிறியது, திறப்பு விழா கிடையாது.

2022 நவம்பரிலிருந்து நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. தெருவிளக்கும் சாக்கடையும் பேசும் அந்த இடத்தில், கோடு முடிவாகும் முன்பே மூன்று வழித்தட வரைபடத்தையும் அட்டவணையோடு தமிழில் ஒட்டிவைக்கலாம். மழை நாளில் இந்தச் சாலை திறந்திருக்குமா, கண்மாயின் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று இரண்டு கட்டம் கூடுதலாக வேண்டும். மறுகால் எந்தப் பக்கம் ஓடியது என்று காட்ட வண்டியூரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். சிக்கல் ஒன்றுதான்: பகுதி சபை மாநகராட்சியுடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, சபையில் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று துறையைக் கட்டுப்படுத்தும் விதி எதையும் இதுவரை யாரும் எழுதவில்லை.