களிம்பின் சாட்சியம்: உலோகச் சாமிகளைத் துடைப்பது பற்றி

கடையில் பித்தளை நடராஜர் ஒன்று வாங்கினால் கூடவே ஒரு துண்டுச்சீட்டும் தருகிறார்கள். ஒரு பக்கம் அர்த்தம்: உடுக்கை படைத்தல், அபயகரம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல், காலடியில் கிடப்பவன் அறியாமை. மறுபக்கம் பராமரிப்பு: புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவும், ஈரம் போகத் துடைக்கவும், பூஜை அறையில் வைக்கவும். இந்தச் சீட்டை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் வேறுவேறு விஷயம் பேசுவது போலத் தோன்றினாலும் செய்கிற காரியம் ஒன்றுதான். சாமியின் நான்கு கைகளுக்கும் விளக்கம் இருக்கிறது. சாமியைச் செய்த கைக்கும், அன்றாடம் அதைத் தேய்க்கிற கைக்கும் அதில் ஒரு வார்த்தை கிடையாது.

1

முதலில் அர்த்தத்தின் வரலாறு. இன்று பள்ளிப் பிள்ளை வரைக்கும் ஒப்பிக்கிற ஐந்தொழில் விளக்கத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1912இல் 'சித்தாந்த தீபிகை'யில் வந்த அவரது கட்டுரை 1918இல் நியூயார்க்கில் 'சிவ நடனம்' என்ற தொகுப்பின் தலைப்பாயிற்று. அவர் கைக்கொண்ட ஆதாரங்களில் முக்கியமானது 13ஆம் நூற்றாண்டுச் சாத்திரமான 'உண்மை விளக்கம்'. சோழர் காலச் செப்புத் திருமேனியாக நடராஜர் உருப்பெற்றதோ 10ஆம் நூற்றாண்டை ஒட்டி. ஆக, உருவத்துக்கும் விளக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய முந்நூறு வருஷ இடைவெளி. பத்மா கைமல் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த இடைவெளியைத்தான் கேள்வியாக்கினார். செம்பியன் மாதேவி காலத்துக் கோயிலில் அந்த உருவத்தின் முன் நின்றவர்கள் இதே அர்த்தத்தைத்தான் படித்தார்களா? படித்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கட்டாயமும் இல்லை.

குமாரசுவாமியின் நோக்கத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இந்தியச் சிற்பத்தைப் பல கைகள் முளைத்த விகாரம் என்று காலனிய விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கான பதிலாக, ஒவ்வொரு கையும் ஒரு தத்துவம் என்று அவர் வாதாடினார். ஆனால் அந்தப் பதிலே பிறகு ஒரு பெருங்கதையாடலாக உறைந்துபோயிற்று. 1975இல் ஃபிரிட்ஜாஃப் காப்ரா துகள் இயற்பியலை அதோடு முடிச்சுப்போட்டார். 2004இல் இந்திய அரசு ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மீட்டர் உயர நடராஜரை அன்பளிப்பாகக் கொடுத்தது. சிலை மேலே மேலே போகப்போக, அதன் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அடியில் இருப்பவன் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். இரண்டுமே வலிப்பு நோயின் பெயர்கள். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகன் நோயைச் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஊர் நடராஜர் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. அப்படியானால், தத்துவம் 'அறியாமை' என்று பெயர்மாற்றம் செய்கிற அந்தக் குறள் உருவம், நோயாளியின் உடலும்தான். வலிப்பு வந்து தரையில் விழுகிறவனைக் கீழே போட்டு மிதிப்பதற்குப் பெயர் அருள். குறியீடு என்று சொல்லிவிட்டால் மிதிபடுகிறவன் மனுஷனாகத் தெரிய மாட்டான் என்பதுதான் இதில் உள்ள சௌகரியம்.

2

இனி செய்கிற கை. சுவாமிமலையில் இன்றும் மெழுகு வார்ப்புதான். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து மடித்துத் தாலமானக் கணக்கு எடுக்கிறார்கள். காவிரி வண்டலை மேலே பூசி நிழலில் காயவைத்து, கம்பி கட்டி, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். மண்ணை உடைத்தால்தான் சாமி. ஒரு கருவுக்கு ஒரு சிலை, அவ்வளவுதான். ஐம்பொன் என்பது பெயர். பழைய திருமேனிகளைப் பகுத்துப் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் ஈயம் கலந்த வெண்கலம், பொன் சுவடளவுக்குத்தான். ஐந்தையும் கலந்தால் புனிதம் என்பது உலோகத்தின் குணமல்ல, சொல்லாடலின் குணம்.

கண் திறப்பதுவரை ஸ்தபதி அந்த உடலை எங்கே வேண்டுமானாலும் தொடலாம். உளி வைக்கலாம், அரம் போட்டு ராவலாம், மடியில் கிடத்திக்கொள்ளலாம். கண் திறந்து குடமுழுக்கும் ஆனபிறகு, செய்தவனே கர்ப்பக்கிரகத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உழைப்பின் தொடுகை முடிகிற இடத்தில் சாதியின் தொடுகை ஆரம்பிக்கிறது. 1970இல் தமிழக அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, 1972 சேஷம்மாள் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது. அதே மூச்சில், ஆகமம் அனுமதிக்காதவர் தொட்டால் விக்கிரகம் தீட்டாகும் என்கிற நம்பிக்கையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்ற அனைத்துச் சாதி அர்ச்சகர்கள் 24 பேருக்குப் பணி ஆணை கிடைக்க 2021 ஆகஸ்ட் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருஷம்.

பித்தளைக்கு வந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. வீடுகளில் இருக்கும் சின்ன பித்தளைச் சாமிகளில் கணிசமானவை உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத், அலிகர் பட்டறைகளிலிருந்து வருகின்றன. மொராதாபாத்தின் பித்தளைத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். பித்தளையை உருக்கும்போது எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்து, காய்ச்சலோடு கிருஷ்ணனுக்கும் பிள்ளையாருக்கும் செதுக்கல் போடுகிறவர்கள் அவர்கள்தான். அதே ஊரில் 1980 ஆகஸ்ட் 13, ஈத் தொழுகை நாளில், ஈத்கா மைதானத்தில் போலீஸ் சுட்டது. தொடர்ந்த கலவரம் மாதக்கணக்கில் நீடித்தது. 'கைவினை', 'பாரம்பரியம்' என்று சீட்டில் அச்சடிக்கிறவர்கள் எந்தக் கை, யாருடைய பாரம்பரியம் என்று அச்சடிப்பதில்லை. அதை அச்சடித்தால் சாமி விலைபோகாது என்கிற பயம் வியாபாரிக்கு இருக்கலாம். விலைபோகாமல் போகிற சமூகத்தைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

3

பராமரிப்புக்கு வருவோம். புளியிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கும், உண்மைதான். பித்தளையில் அடிக்கடி அப்படிச் செய்தால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் வெளியேறி, செம்பு மிஞ்சி, சாமி திட்டுத்திட்டாகச் சிவந்துபோகும். எலுமிச்சையோடு உப்பும் சேர்த்தால் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே தங்கி அரிக்கும். விபூதி போட்டுத் தேய்ப்பது மெல்லிய அரம் போடுவது மாதிரி. தண்ணீரில் கழுவி உடனே ஈரம் ஒற்றி எடுப்பது போதும், பளபளப்பு வேண்டாமென்றால். ஆனால் பளபளப்புதானே வேண்டும்? நூற்றாண்டுகளாக அபிஷேகம் கண்ட கோயில் திருமேனிகளில் மூக்கும் கண்ணும் தேய்ந்து முகம் வழவழவென்று ஆகியிருக்கிறது. பக்தி என்பது ஒரு விதமான தேய்மானம்.

வீட்டில் இதைச் செய்கிறவள் பெண். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாமி சாமான் தேய்ப்பது அவள் வேலை. மாசத்தில் மூன்று நாள் அவளே தீட்டு. 'தூரம்' ஆனவள் நிழல் படக்கூடாது, நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து அதே சாமியை அவளே தேய்க்க வேண்டும். வசதியான வீடென்றால் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருவார். குக்கர், குண்டான், தட்டு எல்லாம் அவருக்கு. 'சாமி சாமான் நீ தொட வேணாம், அது நானே பாத்துக்கிறேன்' என்பது வீட்டுக்காரம்மாவின் வழக்கமான வாக்கியம். இதில் பக்தி எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. புளியும் அதே புளி, நாரும் அதே நார்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லப்படும் உவமை, செம்பிலே ஊறிய களிம்பு. உயிரோடு கூடவே பிறந்தது, தேய்த்தால் போகாதது, அருள் என்னும் ரசவாதத்தால் மட்டுமே நீங்குவது. தத்துவத்தில் களிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிற்பத்தில் முயலகன் கிடக்கிறான். துடைக்க வேண்டியது, மிதிக்க வேண்டியது, விலக்க வேண்டியது எல்லாம் ஒரே வரிசை. அழுக்கு என்பது இடம் மாறிய பொருள் என்று மேரி டக்ளஸ் 1966இல் எழுதினார். நம் ஊரில் இடம் மாறக்கூடாது என்று விதிக்கப்பட்டது பொருள் மட்டுமல்ல, ஆட்களும்தான்.

4

இந்த இடத்தில் பகுத்தறிவு மரபின் பதில் நமக்குத் தெரியும்: வெறும் உலோகம், வெறும் மண். 1953 மே 27இல் பெரியார் பிள்ளையார் மண்பொம்மைகளை உடைத்தார். அந்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள், பிரதிஷ்டை ஆகாத பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்றன. 1958இல் உச்சநீதிமன்றம் அதை மறுத்தது. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினாலே போதும், வழிபடப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றது. பெரியார்மீது மேற்கொண்டு நடவடிக்கைக்கு மட்டும் உத்தரவிடவில்லை. புனிதம் பொருளுக்குள் இல்லை, பார்க்கிறவர்களின் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. ஒப்பந்தம் என்றால் அதை மாற்றி எழுதவும் முடியும். பொம்மையை உடைத்ததில் பயம் உடைந்தது, அது சாதாரண காரியமில்லை. ஆனால் யார் தொடலாம் என்கிற ஏற்பாடு உடையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கு. 1976இல் திருவாரூர் அருகே பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போய், கனடா நாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்று 1982இல் வாங்கியது. சுத்தம் செய்யக் கொடுத்திருந்த இடத்தில் போலீஸ் கைப்பற்றியது. இங்கிலாந்து நீதிமன்றம் இடிந்துபோன கோயிலையே வழக்காட உரிமையுள்ள தரப்பாக ஏற்று, 1988இலும் மேல்முறையீட்டில் 1991இலும் சிலையைத் திருப்பித் தரச் சொன்னது. அர்த்தச் சீட்டு அங்கே சாட்சி சொல்ல முடியாது, ஐந்தொழில் எல்லா நடராஜருக்கும் பொது. இந்தச் சிலை இந்த ஊருடையதா என்று பார்க்க நிபுணர்கள் போன இடம் அழுக்கு. உலோகக் கலவையோடு, ஒட்டியிருந்த மண்ணும் கரையான் ஊர்ந்த தடமும் விவாதத்துக்கு வந்தன. புளி போட்டு நன்றாகத் தேய்த்து வைத்திருந்தால் அந்தச் சாட்சியம் போயிருக்கும்.

எனவே வாசிப்புமுறையை மாற்ற வேண்டும் என்பதே இங்கே முன்வைப்பது. உலோகச் சாமியை வணங்குவதோ உடைப்பதோ அவரவர் அரசியல். விமர்சகனின் வேலை அந்தப் பளபளப்புக்கு முந்தின நிலையைப் பார்ப்பது: உருகி ஓடின மெழுகு, உடைத்துப்போட்ட மண்கரு, மொராதாபாத் பட்டறையின் புகை, வியாழக்கிழமை மத்தியானம் புளிக் கரைசலில் ஊறுகிற பெண்ணின் விரல்கள். சிலை கடத்தல் என்றதும் பதறுகிற நம் பண்பாட்டுக் காவலர்கள், சிலையிலிருந்து கைகள் கடத்தப்பட்டது பற்றி ஒரு வழக்கும் போட்டதில்லை. செய்தவர் தொடலாம், தேய்ப்பவர் எந்த நாளிலும் தொடலாம், பயின்ற எவரும் பூஜை செய்யலாம் என்று ஆகிற நாளில் அந்த உருவத்துக்குப் புதிய அர்த்தங்கள் கிடைக்கும். அவை என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்ல நமக்கு உரிமை இல்லை. காலடியில் கிடக்கிறவன் எழுந்து பேசட்டும்.